துகளுக்கு வயசாகுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கதிரியக்கம் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வடசென்னையில் இருந்து மட்டும் ஒரு கட்டுக் கேள்வி வந்து விழுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இடமில்லை, எடுத்தவரை பதில் இதோ.

ஐஸ் போட்டால் மீன் கெட்டுப்போவது தள்ளிப்போகிறது. அதே மாதிரி கதிரியக்கப் பொருளையும் ஐஸில் வைத்தால் அது சிதைவது தள்ளிப்போகுமா?
(காசிமேடு மீன் வியாபாரி)

தள்ளிப்போகாது அண்ணே. மீனைக் கெடுப்பது பாக்டீரியாவும் என்சைமும். குளிர்ந்தால் அவற்றின் வேகம் குறையும், அவ்வளவுதான். அணுவின் உட்கருவைச் சிதைக்க அப்படி வெளியில் இருந்து யாரும் வருவதில்லை. ஐஸ், அடுப்பு, அமிலம் எது பட்டாலும் அதன் வேலை வெளியே சுற்றும் எலக்ட்ரான்களோடு நின்றுவிடும். அங்கே கைமாறும் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கு ஒரு குட்டி அலகு), உட்கருவுக்குள் நடக்கும் கணக்கோ பெரும்பாலும் லட்சங்களில்.

இன்னொரு வித்தியாசம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நேற்றைய மீன் இன்றைய மீனை முந்திக்கொண்டு கெட்டுப்போகும். உட்கருவுக்கு அந்தக் கணக்கே கிடையாது. உங்கள் உடம்பில் இப்போது இருக்கும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு பூமி உருவாவதற்கு முன்பே பிறந்தது, அதன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் 125 கோடி ஆண்டுகள். அந்தக் கிழ அணுவையும் நேற்று ஒரு அணு உலையில் உருவான அதே வகை அணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அடுத்த வினாடியில் சிதைவதற்கு இரண்டுக்கும் அதே வாய்ப்புதான். இவ்வளவு நாள் தாங்கியாச்சே என்று கிழடுக்குத் தளர்ச்சி வராது. துகளுக்கு வயசாவதே இல்லை. எது எப்போது போகும் என்று தனியாக ஒன்றைக் காட்டிச் சொல்லவும் முடியாது, கூட்டமாக எண்ணினால் மட்டும் கணக்கு சுத்தமாக வரும்.

எலக்ட்ரான்களுக்கு என்ன ஆனாலும் உட்கருவுக்குக் கவலையில்லை என்றேனே, அதற்கு விதிவிலக்கு இருக்கிறது. ரீனியம்-187 என்ற உலோக அணுவின் அரை ஆயுட்காலம் சுமார் 4,200 கோடி ஆண்டுகள். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில் அதன் 75 எலக்ட்ரான்களையும் உரித்துவிட்டு, வெறும் உட்கருவை ஒரு வளையத்தில் சுற்றவிட்டார்கள். 1996-ல் வெளிவந்த முடிவு, அரை ஆயுட்காலம் 33 ஆண்டுதான்! சிதைவில் பிறக்கும் எலக்ட்ரான் வழக்கமாக வெளியே ஓடியாக வேண்டும், உள்சுற்றில் இடமெல்லாம் நிரம்பியிருக்கும். உரித்த அணுவில் அந்த இடம் காலி, பிறந்த எலக்ட்ரான் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது, சிதைவும் சுலபமாகிவிடுகிறது. ஐஸ் பெட்டியில் நடக்கிற காரியமில்லை.

நியூட்ரானின் ஆயுள் 10 நிமிடம் என்று ஒரு புத்தகம், 15 நிமிடம் என்று இன்னொன்று. இணையத்தில் தேடினால் 878 வினாடி, 888 வினாடி என்று வருகிறது. பரீட்சையில் எதை எழுதுவது?
(வியாசர்பாடி பிளஸ் டூ மாணவர்)

பரீட்சையில் உன் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுது தம்பி, சண்டை அப்புறம் போடலாம்.

10, 15 விஷயம் எளிது. பாதி நியூட்ரான்கள் சிதைய ஆகும் நேரம் அரை ஆயுட்காலம், அது சுமார் 10 நிமிடம். அதை 0.693-ஆல் வகுத்தால் சராசரி ஆயுட்காலம், கிட்டத்தட்ட 15 நிமிடம். இரண்டு புத்தகமும் சரி. இது உட்கருவுக்கு வெளியே தனியாக அலையும் நியூட்ரானுக்கு மட்டும் என்பதை மறந்துவிடாதே. உன் உடம்பில் உள்ள கார்பன்-12-க்குள் அடைந்திருக்கும் நியூட்ரான்கள் அப்படியே இருக்கும்.

878-ஆ 888-ஆ என்பதுதான் நிஜமான தகராறு. அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் நியூட்ரான்களை வினாடிக்குச் சில மீட்டர் வேகத்துக்கு மந்தமாக்கி ஒரு தொட்டியில் விடுகிறார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாவிட்டாலும் அது ஒரு குட்டிக் காந்தம், அதனால் தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் காந்தங்களை வரிசையாகப் பதித்தால் சுவரைத் தொடாமலே திரும்பிவிடும். மேலே மூடியே கிடையாது! அவ்வளவு மந்தமான நியூட்ரான் மேலே எகிறினால் புவியீர்ப்பே கீழே இழுத்துவிடும். கொஞ்ச நேரம் விட்டு எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறார்கள். 2021-ல் வந்த விடை 877.8 வினாடி, பிழை அரை வினாடிக்கும் குறைவு.

மேரிலாந்தில் செய்தது வேறு வழி. நியூட்ரான் சிதைந்தால் ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும் பிறக்கும். நியூட்ரான்களை ஒரு கற்றையாக ஓடவிட்டு, போகிற வழியில் சிதைந்து எத்தனை புரோட்டான் விழுகிறது என்று மின்காந்தப் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். அங்கே 2013-ல் கிடைத்தது 887.7 வினாடி, பிழை 2 வினாடி சொச்சம். மிச்சத்தை எண்ணினால் ஒரு விடை, சிதைந்ததை எண்ணினால் இன்னொரு விடை. இடையில் சுமார் 10 வினாடி எங்கே போனது?

100-க்கு ஒரு நியூட்ரான் புரோட்டானே தராமல் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக மாறினால் இந்த இடைவெளி சரியாகிவிடும் என்று 2018-ல் கலிஃபோர்னியாவில் இருவர் கணக்குப் போட்டார்கள். கூடவே ஒரு காமா கதிர் வர வேண்டும் என்றார்களே என்று அதே ஆண்டு லாஸ் அலமாஸ்காரர்கள் தேடிப் பார்த்தார்கள், அந்தக் கதிர் சிக்கவில்லை. என்னைக் கேட்டால், மர்மப் பொருள் எதுவும் இல்லை, கற்றை முறையில் சில புரோட்டான்கள் எண்ணிக்கைக்கு வராமல் நழுவுகின்றன என்றே சந்தேகப்படுவேன். ஜப்பானில் புரோட்டானை விட்டுவிட்டு எலக்ட்ரானை எண்ணும் மூன்றாவது வழியிலும் இறங்கியிருக்கிறார்கள். 10 வினாடிக்கு ஏன் இத்தனை பாடு என்கிறாயா? பெருவெடிப்புக்குப் பிறகு முதல் சில நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உருவானது என்ற கணக்கு இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியில் டெக்னீஷியம் என்றார்கள். ஒரு நாள் குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றதும் பக்கத்து வீட்டார் மாசக்கணக்கில் வருவதில்லை.
(ராயபுரம் வாசகி)

ஸ்கேனுக்குப் போடும் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம் அக்கா. ஒரு நாளில் நாலு முறை பாதியாகி பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், சிறுநீரில் போவது தனி. ஒரு வாரத்தில் ஒன்றுமே இருக்காது. பக்கத்து வீட்டாரை வரச் சொல்லுங்கள். தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 வேறு, அதற்கு 8 நாள், அங்கே டாக்டர் சொல்கிற நாள் கணக்கை அப்படியே கேட்க வேண்டும்.

எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சுரங்கத்தின் அடியில் விஞ்ஞானிகள் இரும்பை அடுக்கி வைத்துக் காத்துக் கிடப்பார்கள் என்பார். எதற்கு?
(பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

தாத்தா சொன்னது அத்தனையும் உண்மை ஐயா. புரோட்டான் சாகிறதா என்று பார்க்கத்தான் அந்த இரும்பு. தரையில் உள்ளங்கையை விரித்தால் வினாடிக்கு ஒன்றுக்கு மேலாகவே விண்ணில் இருந்து மியூவான் துகள் அதை ஊடுருவிப் போகும், அந்த இரைச்சலில் அபூர்வமான எதையும் கேட்க முடியாது. தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைக்கு மேல் இருந்தது. அங்கேதான் 1965-ல் டாட்டா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து கூட்டாளிகளும் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் (எதிலும் மோதாமல் பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்) தடத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். தெற்கு ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இன்னொரு குழுவும் அதே ஆண்டு பார்த்தது.

1980-களில் இரும்புத் தகடுகளையும் இடையிடையே வாயுக் குழாய்களையும் அடுக்கிப் புரோட்டான் சிதைவைத் தேடினார்கள். ஒரே புரோட்டானைப் பார்த்துக்கொண்டு காலம் பூரா உட்கார முடியாது. ஆனால் புரோட்டானுக்கும் வயசாகாது என்பதால், கோடானுகோடி புரோட்டான்களைச் சேர்த்து வைத்துச் சில ஆண்டு காத்திருந்தாலே போதும். இதுவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளையும் சொன்னார்கள், மற்ற நாட்டுச் சோதனைகள் ஒப்புக்கொள்ளவில்லை. இதே வேட்டைக்கு ஜப்பானில் கட்டிய தண்ணீர்த் தொட்டி 1987-ல் வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்களைப் பிடித்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான், ஆனால் அந்தக் குரங்குக்கு 2002-ல் நோபல் பரிசு! அடுத்து 1996-ல் அங்கே வந்த பெரிய தொட்டிதான் சூப்பர் கமியோகாண்டே, 50,000 டன் தண்ணீர். இன்றுவரை ஒரு புரோட்டானும் உறுதியாகச் சிக்கவில்லை, ஆகவே அதன் ஆயுள் குறைந்தது 1-க்குப் பின்னால் 34 சைபர் போட்ட ஆண்டுகள் என்கிறார்கள். தங்கவயல் 2001-ல் மூடியாச்சு.

இந்தத் துறையில் சென்னையில் படித்தவர் யாராவது உண்டா?
(எண்ணூர் ஆசிரியை)

ஈ.சி.ஜி. சுதர்சன். கேரளத்துக்காரர், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். பீட்டா சிதைவு (உட்கருவில் எலக்ட்ரான் பிறக்கும் சிதைவு), மியூவான் சிதைவு எல்லாம் ஒரே வகை விசையால் நடக்கின்றன, அதற்கு இடம் வலம் வித்தியாசம் உண்டு என்ற வடிவத்தை 1957-ல் தன் ஆய்வு வழிகாட்டி மார்ஷாக்கோடு சேர்ந்து கண்டவர். அமெரிக்க இயற்பியலாளர்கள் ஃபெயின்மேன், கெல்-மேன் இருவரின் கட்டுரை முந்திக்கொண்டு அச்சில் வந்ததால் பெயர் அவர்களுக்குப் போனது. முதலில் கண்டது யார் என்பதை ஃபெயின்மேனே பின்னால் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு என்ன, நோபல் வரவில்லையே.

பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் கதிரியக்கம் உண்டா? பழைய சரக்கு ஒரு டப்பா கடையில் கிடக்கிறது.
(பழைய வண்ணாரப்பேட்டை கடைக்காரர்)

பழையது என்றால் அநேகமாக உண்டு. பளிச்சென்று எரிய அதில் தோரியம் சேர்த்தார்கள், அரை ஆயுட்காலம் 1,400 கோடி ஆண்டு, உங்கள் சரக்கு இன்னும் புதுசுதான். டப்பாவில் இருந்தால் பயமில்லை. எரிந்து உடைந்த மேன்டிலின் சாம்பலை வாயால் ஊதித் தள்ளாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.