வைக்கிங் உடை போட்டுக்கொண்டு திரிவது பெரியவர்களின் மாறுவேடப் போட்டிதானே?

“யார்க் நகரில் வைக்கிங் உடையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். வேலைவெட்டி இல்லாத பெரியவர்களின் மாறுவேடப் போட்டி போல இருந்தது. இதில் வரலாறு எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பிப்ரவரி மாதப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை இங்கிலாந்தின் யார்க்கில் நடக்கும் யார்விக் வைக்கிங் திருவிழாவுக்குக் கூட்டிப்போய், குளிரில் வரிசையில் நின்று கடுப்பாகித் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் வட ஐரோப்பாவிலிருந்து கடலோடி வந்த வைக்கிங்குகளின் வாழ்க்கையைச் செய்து காட்டும் அந்தக் கூடாரங்களில் ஒன்றில் நானும் இருந்திருப்பேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில், வேலைவெட்டி இருக்கிறது. வாரத்தில் 5 நாள் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன்.

கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு யாரையாவது பார்த்திருந்தால் அவர் எங்கள் ஆள் இல்லை. அந்தக் கொம்பு 1876-இல் ஜெர்மனியில் வாக்னர் என்ற இசையமைப்பாளரின் ஓபராவுக்கு (இசை நாடகத்துக்கு) உடை வரைந்தவர் மாட்டிவிட்டது. நார்வேயில் 1943-இல் மண்ணிலிருந்து கிடைத்த நிஜமான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பே கிடையாது.

நான் சென்னிமலைப் பக்கம். அப்பா குழித்தறியில் போர்வை நெய்தவர். அம்மாவும் நானும் ராட்டையில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவோம். திருமணமாகி இங்கே வந்த பிறகு, ஒரு திருவிழாவில் வைக்கிங் காலத்துத் தறியைப் பார்த்தேன். சுவரில் சாய்த்து வைத்த மரச்சட்டம். மேலே ஒரு கட்டை, அதிலிருந்து பாவு நூல், அதாவது நெடுக்கு நூல், தொங்குகிறது. நூல் தொய்யாமல் இருக்கக் கீழே கொத்துக் கொத்தாகக் களிமண் வளையங்களைக் கட்டியிருந்தார்கள். அங்கேயே அவர்கள் குழுவில் சேர்ந்துவிட்டேன். ‘தறி எனக்குத் தெரியாததா’ என்று கொஞ்சம் திமிர்தான்.

முதல் நாளே திமிர் இறங்கியது. அப்பா குழியில் கால் விட்டு உட்கார்ந்து, குறுக்கு நூலான ஊடையைத் தன் பக்கமாக இழுத்து அடிப்பார். இங்கே நின்றுகொண்டே நெய்ய வேண்டும். துணி மேலிருந்து கீழே வளரும். ஊடையைக் கத்தி மாதிரி ஒரு பட்டையால் மேல்நோக்கிக் குத்த வேண்டும். மாலைக்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. துணியும் உருப்படியாக வரவில்லை. கம்பளி நூலின் பிசிறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாவு பிரியவே மாட்டேன் என்றது.

எனக்குத்தான் மருந்து தெரியுமே! வீட்டில் பார்லியை நீர்க்கக் காய்ச்சி, பாவுக்குக் கஞ்சி போட்டேன். ஊர்க் கைப்பழக்கம். பிசிறு படிந்து பாவு சுலபமாகப் பிரிந்தது. பெருமையாகக் குழுவின் மூத்த அம்மாவிடம் காட்டினேன். என் உடையின் மடிப்பைத் திருப்பி, மெஷின் தையல் தெரிகிறது, பிரித்துக் கையால் தை என்று சொன்னவர் அவர். கஞ்சியைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: “இதற்கு ஆதாரம் இருக்கிறதா?”

இல்லை. அப்படியானால் மக்கள் முன்னால் காட்டக் கூடாது என்றார். யார்க்கில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை தோண்டியபோது, ஈரமண்ணில் தோல் காலணி, மரக்கிண்ணம், ஒரு கம்பளிக் காலுறைகூட மக்காமல் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலுறையை இன்று ஸ்வெட்டர் பின்னுவது போலப் பின்னவில்லை, ஒற்றை ஊசியால் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கிறார்கள் என்பதுவரை தெரியும். இவ்வளவு சாட்சி இருக்கும்போது நம் வசதிக்கு ஒன்றைச் சேர்த்தால் பார்க்க வருகிறவர்களிடம் பொய் சொன்ன கணக்கு என்பது அவர் கட்சி. எனக்கு அழுகை வராத குறை. மாறுவேடப் போட்டியில் யாரும் கஞ்சிக்கு ஆதாரம் கேட்க மாட்டார்கள், இல்லையா?

அன்றிரவு அப்பாவுக்கு வீடியோ காலில் நூலைக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “நூலுக்கு முறுக்குப் பத்தாது கண்ணு. இதுக்கு எத்தன கஞ்சி போட்டு என்ன?” என்றார்.

அதை அப்படியே மூத்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. வட ஐரோப்பாவின் பழைய ஆட்டினங்களுக்கு இரண்டு அடுக்கு ரோமம்: உள்ளே மென்மையானது, வெளியே நீளமானது. பாவுக்கு அந்த நீள ரோமத்தைச் சீவி, இறுக்கி முறுக்கித்தான் நூற்றார்கள். நாங்கள் வாங்கியதோ மில் நூல், கைக்குட்டைபோல மெத்தென்று. அந்தக் குளிர்காலம் முழுக்கத் தக்கிளியில் நூற்றோம். ஒரு முழ அகலப் பாவுக்கே எனக்கு விரல் காய்த்துப்போனது. அப்போதுதான் ஒரு கப்பல் பாய்க்கு எத்தனை பெண்கள் எத்தனை மாதம் நூற்றிருப்பார்கள் என்று உறைத்தது. எல்லோரும் வாளையும் கோடரியையும்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், வைக்கிங்குகள் 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் கிறிஸ்தவ மடத்தைக் கொள்ளையடித்தவர்கள்தான், ஆள் பிடித்து விற்றவர்கள்தான். நான் அவர்களுக்குக் கோயில் கட்டவில்லை. ‘உன் நிறத்தில் வைக்கிங்கா?’ என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. சுவீடனின் ஹெல்கோ தீவில் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து போன சின்ன வெண்கலப் புத்தர் கிடைத்திருக்கிறார். சிலை போனதால் சென்னிமலைக்காரியும் போனாள் என்று நான் சொல்லவில்லை. நெய்து காட்டுகிறேன், அவ்வளவுதான்.

ஆதாரம் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது, சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த அம்மாவுக்குப் பரிசளிக்க இணையத்தில் ‘அசல் கைத்தறி’ என்று போட்டிருந்த போர்வையை வாங்கினேன். ஓரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, விசைத்தறி. வேட்டி, லுங்கி, போர்வை, ஜமுக்காளம் என்று சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்க இந்தியாவில் 1985-இல் போட்ட சட்டம் இருக்கிறது. இருந்து? கஞ்சிக்கு ஆதாரம் கேட்கும் ஊரிலிருந்து பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சரி, இந்த வருடத் திருவிழாவில் கூடாரத்திலிருந்தே அப்பாவை அழைத்துத் துணியைக் காட்டினேன்.

“நின்னுக்கிட்டேவா நெய்யோணும்? கூலி எவ்வளவு கண்ணு தர்றாங்க?”

“கூலி இல்லீங்ப்பா. நாமதான் வருசத்துக்குச் சந்தா கட்டோணும்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ஓரம் உள்ள வாங்குது பாரு. ஊடைய அவ்வளவு இழுக்காத” என்றார்.