பதில்: மூணு டோஸ் போட்டும் அப்பாவுக்கு ஆன்டிபாடி கம்மி

அப்பாவுக்கு மூணு டோஸ் கொரோனா ஊசி போட்டும் ஆன்டிபாடி கம்மினு ரிப்போர்ட் வந்திருக்கு, ஊசி வேலையே செய்யலையானு கேட்டிருக்கீங்க. அந்த ஒரு நம்பரை வச்சு அப்படி சொல்ல முடியாதுங்க. முதல்ல அது ஸ்பைக் (வைரஸ் மேல முள்ளு மாதிரி இருக்குற புரதம்) ஆன்டிபாடியா, நியூக்ளியோகேப்சிட் (வைரஸுக்குள்ள இருக்குற புரதம்) ஆன்டிபாடியானு பாருங்க, ஏன்னா எம்ஆர்என்ஏ ஊசி (ஃபைசர், மாடர்னா மாதிரி) ஸ்பைக்கை செய்யுற குறிப்பை மட்டும்தான் உடம்புக்குக் குடுக்குது, அதைப் போட்டு கொரோனா வராதவங்களுக்கு நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட் நெகட்டிவாதான் வரும் (இதுலயே பல பேர் பதறிடுறாங்க).

ஸ்பைக்கே குறைஞ்சிருந்தாலும், சில மாசத்துல அது இறங்குறது சகஜம். ஆன்டிபாடி வைரஸ் செல்லுக்குள்ள நுழையாம மறிக்கும், அதையும் தாண்டி நுழைஞ்சிட்டா அந்த செல்லை கண்டுபிடிச்சு அழிக்கிறது டி செல்லுங்கதான் (ஒரு வகை வெள்ளை அணு), நோய் முத்தாம இருக்குறதுல அதுக்கு பெரிய பங்கு, ஆனா உங்க ரிப்போர்ட்ல அது தெரியவே தெரியாது. 2003ல சார்ஸ் (கொரோனாவுக்கு சொந்தக்கார வைரஸ்) வந்து பொழச்சவங்ககிட்ட 17 வருஷம் கழிச்சும் அந்த டி செல் இருந்துச்சு. ஒமிக்ரான் ஆன்டிபாடியை நிறைய ஏமாத்துச்சு, டி செல்லை அவ்வளவா ஏமாத்த முடியல.

இன்னொண்ணு, எதிர்ப்பு எவ்வளவு இருக்குங்கிறதை விட எப்ப வருதுங்கிறதும் முக்கியம். சீரியஸ் ஆனவங்க பல பேருக்கு ஆரம்பத்துல இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்ததும் செல்லுங்க விடுற எச்சரிக்கை புரதம்) மந்தமா இருந்து, அப்புறம் உடம்போட எதிர்ப்பே அடங்காம போய் நுரையீரலை கெடுத்துச்சு, அதனாலதான் ஆக்சிஜன் தேவைப்படுறவங்களுக்கு எதிர்ப்பை அடக்குற டெக்ஸாமெத்தசோன் குடுக்குறாங்க.

அப்பா எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து, அதாவது ரிடக்சிமாப், உறுப்பு மாத்தினவங்களுக்குக் குடுக்குற மருந்து, தினமும் ஸ்டீராய்டுனு ஏதாவது எடுக்குறாரா? எடுத்தா டாக்டர்கிட்ட சொல்லி கூடுதல் டோஸ் பத்தி கேளுங்க. இல்லன்னா திரும்பத் திரும்ப அந்த டெஸ்ட் எடுக்காதீங்க, காசுதான் தண்டம்.