மடிக்கணினியில் ஓடுகிறது, போர்டில் விழுகிறது

கேள்வி: ஐயா, லினக்ஸ் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையம்) நெட்ஃபில்டர் ஹூக் ஒன்று, அதாவது பாக்கெட் வரும்போது கர்னல் கூப்பிடும் செயற்கூறு, எழுதி, உள்ளே வரும் பாக்கெட்டுகளை ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் மறையாக்கம் செய்கிறேன். கல்லூரி ப்ராஜெக்ட். என் மடிக்கணினியில் ஒரு வாரமாகப் பிசகில்லாமல் ஓடுகிறது. அதே நிரலை ஆர்ம் போர்டில் ஏற்றினால், 'ஷெட்யூலிங் வைல் அடாமிக்' என்று காட்டிவிட்டு உறைந்துபோகிறது. போர்டில் கோளாறா? நிரலை இணைத்திருக்கிறேன். (மாணவி, சேலம்)

பதில்: போர்டு சரியாகத்தான் இருக்கிறது அம்மா. உங்கள் தவற்றை மடிக்கணினி இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மறையாக்க அழைப்பை, வேலை முடியக் காத்திருக்கும் 'கிரிப்டோ_வெயிட்_ரெக்'குக்குள் வைத்திருக்கிறீர்கள். வேலை அங்கேயே முடிந்துவிட்டால் அது சும்மா திரும்பிவிடும். 'இன்னும் நடக்கிறது' என்று பதில் வந்தாலோ, முடியும்வரை உறங்கும், அதாவது சிபியுவை வேறு வேலைக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும். மடிக்கணினியில் ப்ராசஸரே ஏஇஎஸ்ஸை அந்த இடத்திலேயே முடித்துத் தருவதால் உறக்கத்துக்கு வேலை வரவில்லை. போர்டில் மறையாக்கத்துக்கென்று தனிச் சில்லு இருக்கும். அதன் டிரைவர் கூடுதல் முன்னுரிமையோடு பதிவாகியிருப்பதால், நீங்கள் 'சிபிசி(ஏஇஎஸ்)' (சிபிசி என்பது ஏஇஎஸ்ஸைத் துண்டு துண்டாகச் சங்கிலிபோல் கோக்கும் முறை) என்று கேட்டதும் கர்னல் அதைத்தான் எடுத்துக் கொடுக்கும். அது வேலையை வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். உங்கள் நிரல் உறங்கப் போகும்.

எங்கே உறங்கப் போகிறது என்பதைப் பாருங்கள். பாக்கெட் வந்ததும் உங்கள் ஹூக் ஓடுவது சாஃப்ட் ஐஆர்க்யூவில், அதாவது ஓடும் வேலையை இடைமறித்துக் கர்னல் தன் வேலையைச் செய்யும் சூழலில். அந்த நேரம் சிபியுவில் யாரோ ஒரு ப்ராசஸ் ஓடிக்கொண்டிருந்திருக்கும், பிரௌசரோ ஷெல்லோ. அதை நிறுத்திவிட்டு அதன் முதுகில் ஏறி நாம் வேலை பார்க்கிறோம். நமக்கென்று அங்கே டாஸ்க் (உறங்கவைத்து எழுப்பக்கூடிய தனி வேலை) கிடையாது. அங்கே உறங்கினால் சம்பந்தமே இல்லாத அந்த ப்ராசஸ்தான் படுக்கும். 'ஷெட்யூலிங் வைல் அடாமிக்', அதாவது உறங்கக்கூடாத இடத்தில் உறங்கப் போகிறாய், என்று கர்னல் கத்துவது இதற்குத்தான்.

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு ரூட்டரில் பிங் போகும், கோப்பு அனுப்பினால் பெட்டி செத்துவிடும். கேபிளை மாற்றினோம், மெமரியைச் சந்தேகப்பட்டோம், மூன்று நாள் போயிற்று. சிறிய துண்டுகளைச் சில்லுக்கு அனுப்பாமல் மென்பொருளிலேயே முடித்துவிடும் வழக்கம் அந்த டிரைவருக்கு இருந்தது. பிங் சிறியது, பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து கர்னலில் எந்த வரியைப் படித்தாலும், இது எந்தச் சூழலில் ஓடும் என்றுதான் முதலில் கேட்பேன்.

சரி, உங்கள் நிரலுக்கு வருவோம். பாக்கெட்டுக்குப் பாக்கெட், மறையாக்கியைக் கேட்டு வாங்கும் 'கிரிப்டோ_அலாக்_எஸ்கேசைஃபர்' அழைக்கிறீர்கள், சாவியையும் அங்கேயே வைக்கிறீர்கள். அந்த அழைப்பு தேவைப்பட்டால் மாட்யூலையே ஏற்றும், உறங்கவும் செய்யும். இரண்டையும் மாட்யூல் தொடங்கும் இடத்துக்கு, உறங்க அனுமதி உள்ள ப்ராசஸ் சூழலுக்கு, மாற்றிவிடுங்கள். ஹூக்குக்குள் ரிக்வெஸ்ட்டை மட்டும் 'ஜிஎஃப்பி_அடாமிக்' (உறங்காமல் நினைவகம் தா என்ற குறிப்பு) கொடுத்து எடுங்கள், உறங்கலாம் என்று சொல்லும் 'மே_ஸ்லீப்' கொடியை நீக்குங்கள். அப்புறம், அலாக் அழைப்பின் கடைசி மாஸ்க்கில் (எந்த வகை மறையாக்கி வேண்டாம் என்று வடிகட்டும் இடம்) 'கிரிப்டோ_ஆல்க்_அசிங்க்' போட்டால், அங்கேயே முடித்துத் தரும் மறையாக்கி மட்டுமே கிடைக்கும். ப்ராஜெக்ட்டுக்கு இது போதும். சில்லின் வேகமும் வேண்டுமென்றால் கால்பேக் (வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் செயற்கூறு) எழுதி, பாக்கெட்டை 'என்எஃப்_ஸ்டோலன்' என்று உங்கள் கையில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்தபின் விடவேண்டும். அந்தக் கால்பேக்கும் சாஃப்ட் ஐஆர்க்யூவில் ஓடலாம், அங்கேயும் உறங்கக்கூடாது. வன்பொருள் குறுக்கீட்டை நேரடியாகக் கையாளும் ஹார்ட் ஐஆர்க்யூவில் மறையாக்கத்தை அழைக்கவே வேண்டாம்.

திருத்துவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மடிக்கணினியின் கர்னலில் உறங்கக்கூடாத இடத்தில் உறங்குவதைக் காட்டிக்கொடுக்கும் 'டீபக்_அடாமிக்_ஸ்லீப்' தெரிவை இயக்கி, மறையாக்கியை 'கிரிப்ட்டிடி' உறைக்குள் வைத்து, உள்ளே மென்பொருள் டிரைவரின் பெயரையே கொடுத்து (எடுத்துக்காட்டாக 'கிரிப்ட்டிடி(சிபிசி(ஏஇஎஸ்-ஜெனரிக்))') ஓட்டுங்கள். கிரிப்ட்டிடி வேலையைத் தள்ளிப்போட்டுச் செய்வது, சில்லைப் போலவே. போர்டில் கண்ட அதே பிழை உங்கள் மேசையிலேயே வரும்.