விளம்பரம் படித்துவிட்டு வெளிநாடு வரும் தம்பிக்கு

விளம்பரத்தில் இளங்கலை முடித்திருக்கிறேன், சீக்கிரம் வரப்போகிறேன், விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டராகச் சேர முடியுமா, இல்லையென்றால் வேறென்ன வேலை கிடைக்கும், வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, குளிருக்கு என்ன வாங்குவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வீட்டுக்கும் குளிருக்கும் யோசனை சொல்ல நிறைய பேர் வருவார்கள். நான் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதே பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியவன் நான்.

காப்பிரைட்டர் ஆசையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்களுக்கு மொழி தெரியாது என்று சொல்லவில்லை. பிழையில்லாமல் எழுதுவது வேறு, ஊர்க்காரனைச் சிரிக்க வைப்பது வேறு. நான் சேர்ந்த புதிதில், மீட்டிங்கில் யாராவது ஒரு பழைய சோப்பு விளம்பர மெட்டை முணுமுணுப்பார்கள். அறையே சிரிக்கும். எதற்கென்று தெரியாமல் நானும் பல்லைக் காட்டுவேன். அந்தச் சிரிப்பு பிடிபட வருஷக்கணக்காகும். அதுவரை வயிறு காத்திருக்குமா?

புதிதாக வருகிறவர்கள் எளிதாக நுழைவது எண்கள் இருக்கும் பக்கம்தான். விளம்பரத்தை எங்கே, எப்போது போடுவது என்று திட்டமிடும் மீடியா பிளானிங், அந்த இடத்தையும் நேரத்தையும் வாங்கும் மீடியா பையிங், ஆய்வு, டிஜிட்டல் அளவீடு. எத்தனை பேரைச் சென்றடைந்தது, ஒருவர் எத்தனை முறை பார்த்தார், ஆயிரம் முறை காட்ட எவ்வளவு செலவு என்பதெல்லாம் எந்த நாட்டிலும் ஒரே கணக்கு. எனக்கு முதலில் கொடுத்தது பில் சரிபார்க்கும் வேலை. இரவு எட்டு மணிக்கு புக் செய்த டிவி விளம்பர நேரம், அதாவது ஸ்பாட், நள்ளிரவுக்குப் பிறகு ஓடியிருக்கும், பில் மட்டும் எட்டு மணி விலையில் வந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, சேனலோடு மல்லுக்கட்டி, ஈடாக இன்னொரு ஸ்பாட் வாங்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் யார் எதைப் பார்க்கிறார்கள், எந்த நேரத்துக்கு என்ன மதிப்பு என்று அந்த பில்களை வைத்துத்தான் இந்த ஊர் மக்களையே தெரிந்துகொண்டேன்.

விளம்பர உலகில் பெரிய பெயரான டேவிட் ஓகில்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பிறந்தவர், 1938-இல் அமெரிக்கா போனார். அங்கே முதலில் சேர்ந்தது விளம்பர ஏஜென்சியில் அல்ல, கருத்துக்கணிப்புக்குப் பேர்போன ஜார்ஜ் கேலப்பிடம், மக்களின் விருப்பத்தை அளக்கும் வேலையில். நியூயார்க்கில் சொந்த ஏஜென்சி தொடங்கியது 1948-இல். ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தவருக்கே அதுதான் வழியாக இருந்தது.

கொஞ்சம் காலூன்றியதும் அக்கவுண்ட் பிளானிங் பக்கம் நகரலாம். 1968 வாக்கில் லண்டனில் ஸ்டீபன் கிங்கும் ஸ்டான்லி பொலிட்டும் தனித்தனியாக உருவாக்கிய துறை அது. வாங்குகிறவரின் மனதை ஆராய்ந்து சொல்லும் ஆள் ஒருவர் குழுவிலேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. "இதை ஏன் இப்படி வாங்குகிறார்கள்?" என்று வெளியாள் கேட்கும் அப்பாவிக் கேள்விக்கு அங்கே நல்ல மரியாதை. நான் நிலைத்தது அங்கேதான். வாடிக்கையாளரோடு பேசிப் பழகும் அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ், மக்கள் தொடர்பான பிஆர், ஈவென்ட் எல்லாமும் உண்டு, வாய்ச் சாமர்த்தியம் இருந்தால் பாருங்கள்.

அப்புறம் போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு. கல்லூரியில் ஐந்து பேர் சேர்ந்து செய்ததை முழுக்க உங்களுடையதாகக் காட்டாதீர்கள். எதிரே இருப்பவர் வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இதில் நீங்கள் செய்தது எது?" என்பார். பிரச்சினை என்ன, யோசனை என்ன, உங்கள் பங்கு என்ன என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி வையுங்கள். இன்டர்ன்ஷிப்பில் பார்த்த, இன்னும் வெளிவராத வேலை எதையும் காட்டவே கூடாது. நாளைக்கு எங்களுடையதையும் இப்படித்தான் காட்டுவான் என்று நினைப்பார்கள்.

தேர்வு என்ற பெயரில் முழு கேம்பெயினே கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஓர் இடத்தில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த யோசனை மட்டும் கொஞ்ச நாளில் அவர்கள் விளம்பரத்தில் வந்தது. ஒரு பக்கக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம்ம ஆட்கள். "விளம்பரமெல்லாம் ஒரு படிப்பா, பேசாமல் கோடிங் கற்றுக்கொள்" என்பார்கள். சொன்ன அதே ஆள் தன் கடைக்கு போஸ்டர் கேட்டு வருவார், இலவசமாக, "ரெண்டு நிமிஷ வேலைதானே தம்பி" என்று. எனக்கு அப்படிப் புத்தி சொன்ன ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவர் மகள் விளம்பரப் படிப்பில் சேர்ந்திருக்கிறாளாம், எங்கள் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா என்று கேட்டார். பெண்ணையே பேசச் சொல்லியிருக்கிறேன்.