வாசகர் கேள்வி – பதில்: ஆன்செலோட்டி கைவிட்ட பிடிவாதம்

கேள்வி: கார்லோ ஆன்செலோட்டி கால்பந்துப் பயிற்சியாளராக வென்ற கோப்பைகளைப் பற்றி நிறையப் படிக்கிறோம். ஆட்டக்காரராக அவர் எப்படிப்பட்டவர்? அந்த அனுபவம்தான் அவரைச் சிறந்த பயிற்சியாளராக்கியதா?

பதில்: தேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர், ஆனால் மாரடோனா, பிளாட்டினி வரிசையில் வைத்துப் பேசப்பட்டவர் அல்லர். 1959இல் வட இத்தாலியின் ரெஜ்ஜோலோ என்ற சிற்றூரில் பிறந்தவர், பார்மாவில் ஆடத் தொடங்கி 1979இல் ரோமாவுக்குச் சென்றார். 1983இல் அங்கே லீக் பட்டம் வென்றார் என்றாலும், முழங்கால் காயங்களால் 1982 உலகக் கோப்பையும் 1984 ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி ஆட்டமும் அவருக்குக் கைகூடாமல் போயின. 1987இல் மிலானுக்கு வந்தபின் பயிற்சியாளர் அரிகோ சாக்கியின்கீழ் 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்.

ஓய்வுபெற்றதும் அவர் சாக்கிக்கே உதவியாளராகி, 1994 உலகக் கோப்பையில் இத்தாலி அணியுடன் இறுதி ஆட்டம் வரை சென்றார். அந்த நெருக்கம் ஆன்செலோட்டிக்குத் தொடக்கத்தில் தடையாகவும் இருந்தது என்பது என் கணிப்பு. பதினொருவரும் ஒருசேர முன்னேறிப் பின்வாங்கும் சாக்கியின் 4-4-2 (நான்கு தற்காப்பாளர், நான்கு நடுக்களத்தார், இரண்டு தாக்குநர்) அமைப்பை அவர் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: இத்தாலியின் நட்சத்திர ஆட்டக்காரர் ராபர்ட்டோ பாஜ்ஜோவையே வேண்டாம் என்று சொன்னவர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ரெஜ்ஜானாவை 1996இல் முதல்நிலை லீகுக்கு உயர்த்திவிட்டுப் பார்மாவின் பொறுப்பை ஏற்றிருந்த அவர், தாக்குநர்களுக்குச் சற்றுப் பின்னால் சுதந்திரமாக ஆடிப் பழகிய ஜான்பிராங்கோ சோலாவை 4-4-2இல் இடம் இல்லாததால் பக்கவாட்டுக்குத் தள்ளினார். சோலா அதே ஆண்டு செல்சிக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தைப் பார்மா இரண்டாம் இடத்தில் முடித்ததால் பயிற்சியாளரின் பிடிவாதம் சரியென்றே தோன்றியிருக்கும். 1997இல் பாஜ்ஜோ பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தபோது, அவர் விரும்பிய இடம் தன் அமைப்பில் இல்லை என்று ஆன்செலோட்டி மறுத்தார். பாஜ்ஜோ பொலோன்யாவுக்குச் சென்று அந்தப் பருவத்தில் மட்டும் லீகில் 22 கோல்கள் அடித்தார். அந்த முடிவு தவறு என்பதைப் பின்னாளில் ஆன்செலோட்டியே மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். பயிற்சியாளர்களிடம் இப்படிப்பட்ட ஒப்புதலை எளிதில் எதிர்பார்க்க முடியாது.

அடுத்து யுவென்டஸில் அவர் கையில் கிடைத்தவர் பிரான்சின் நடுக்கள நட்சத்திரம் சிதான். சிதானை இடப்பக்கம் ஒதுக்கினால் கேலிக்கு ஆளாக வேண்டியதுதான் என்பதால், முதன்முறையாக ஆட்டக்காரருக்காக அமைப்பையே மாற்றினார். லீகில் அடுத்தடுத்து இரண்டு முறை இரண்டாம் இடமே கிடைத்ததால் யுவென்டஸ் அவரை அனுப்பிவிட்டது; ஆனால் அங்கே ஏற்பட்ட மாற்றம் மிலானில் முழுமை பெற்றது. முன்வரிசைக்குப் பின்னால் ஆடி வளர்ந்த ஆந்திரேயா பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு முன்னே நிறுத்தி, அங்கிருந்தே ஆட்டம் முழுவதையும் நடத்தவிட்டார். வேகமோ உடல்வலிமையோ அதிகமில்லாத ஒருவரை அந்த இடத்தில் வைப்பது துணிச்சலான முடிவு. பந்தைப் பறிக்கும் வேலைக்கு அருகிலேயே கட்டூசோ இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த மிலான் 2003இல் சாம்பியன்ஸ் லீகை வென்றது.

கேள்வி: 2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தில் கைக்கு வந்த கோப்பையைத் தவறவிட்டது அவருடைய குற்றமா?

பதில்: இடைவேளையில் 3-0 என்று முன்னிலையில் இருந்த மிலான் அணி, இரண்டாம் பாதியின் ஆறே நிமிடங்களில் மூன்று கோல்களை விட்டுக்கொடுத்து, பின்னர் பெனால்டிகளில் லிவர்பூலிடம் தோற்றது. அதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. தோல்விக்குப் பிறகு அணியைக் கலைக்காமல், அதே பிர்லோவையும் கட்டூசோவையும் சேடார்ஃபையும் நடுக்களத்தில் வைத்துக்கொண்டு, 2007இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று வென்றார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கேள்வி: ஐந்து நாடுகளில் லீக் பட்டம் வென்றவர் அவர் ஒருவர்தானா?

பதில்: ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளையும் வென்ற பயிற்சியாளர் அவர் ஒருவரே. இத்தாலியில் மிலானுடன் 2004, இங்கிலாந்தில் செல்சியுடன் 2010, பிரான்சில் பாரிஸ் செயிண்ட் ஜெர்மெயினுடன் 2013, ஜெர்மனியில் பாயர்னுடன் 2017, ஸ்பெயினில் ரியால் மாட்ரிடுடன் 2022. ரியாலுடன் 2014, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்றவற்றையும் சேர்த்தால், பயிற்சியாளராக அவருடைய சாம்பியன்ஸ் லீக் பட்டங்கள் மொத்தம் ஐந்து.