கடலூரிலிருந்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர் பைக்கில் ஒருநாள் கிராமங்கள் வழியாகப் போய்வர எந்தப் பாதை நல்லது? எதைக் கவனிக்க வேண்டும்?

நான் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். கூடப் படித்த எட்டுப் பேர், வருஷம் ஒருமுறை, தை கடைசியிலோ மாசியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுப்போம். பாதை எங்களுக்கு ஒன்றுதான். முதுநகர், குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அங்கிருந்து வீராணம் ஏரிக்கரை மேலேயே லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், பிறகு சிதம்பரம், கடலூர். சுற்றி வந்தால் 150 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 100 சிசி வண்டிக்கும் அது பெரிய தூரமில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம்.

ஏன் தெற்கே என்று கேட்பீர்கள். கடலூரில் பையன்கள் நாலு பேர் சேர்ந்து பைக் எடுத்தால் வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி, "பாண்டிக்கா?" என்பதுதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. போகிறவர்கள் எல்லோரும் குடிக்கப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி வழியாக ராத்திரி திரும்பி வரும்போது விழுந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதனால் முதல் வருஷமே பேசி முடித்துவிட்டோம்: வண்டி எடுத்த நாளில் ஒரு சொட்டு கிடையாது, பின்னால் உட்காருகிறவனுக்கும் கிடையாது. உங்கள் குழுவில் இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் தயவுசெய்து அவரை விட்டுவிட்டுப் போங்கள். இதில் நட்பு பார்க்கக் கூடாது.

பாதையைப் பற்றிச் சொல்கிறேன். முதுநகரை விட்டு மேற்கே ஏறியதும் மண் சிவக்கும். குள்ளஞ்சாவடிப் பக்கம் இரண்டு புறமும் முந்திரித் தோப்பு. தை, மாசியில் முந்திரி பூத்திருக்கும். பனியோடு கலந்து வருகிற அந்த இனிப்பு வாசனையை காரில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அறிய மாட்டார்கள். பலா மரங்களில் அடிமரத்தை ஒட்டிப் பிஞ்சுகள் தொங்கும். குறிஞ்சிப்பாடி கைலிக்குப் பேர்போன ஊர். தெருவுக்குள் வண்டியை அணைத்துவிட்டு நின்றால் தறிச் சத்தம் கேட்கும்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. பசி என்று வருகிறவர் யாராக இருந்தாலும் சாப்பாடு உண்டு. எங்கள் எட்டுப் பேரில் ஒருவன் முஸ்லிம், ஒருவன் கிறிஸ்தவன். தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், இத்தனை வருஷத்தில் யாரும் எங்கள் பெயரைக்கூடக் கேட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் முடிந்ததை அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள். தைப்பூசத்தன்று மட்டும் வடலூரைத் தவிர்த்துவிடுங்கள். ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிற நாள் அது. கூட்டத்துக்குள் எட்டு வண்டி நுழையவே முடியாது.

வடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை லாரிகள் அதிகம். அதைப் பொறுமையாகக் கடந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு வருவதுதான் வீராணம்.

இந்த ஏரியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே தேய்ந்து வீராணம் ஆனது. கொள்ளிடத்தில் கீழணையில் தடுத்த தண்ணீர் வடவாறு வழியாக இங்கே வருகிறது. முழு நீர்மட்டம் 47.5 அடி. அந்தப் பக்கத்து டீக்கடையில் "தண்ணி எத்தனை அடி?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பது சொந்தக்காரர்களின் உடம்பை விசாரிப்பது மாதிரி இருக்கும். அந்தத் தண்ணீரை நம்பி சுமார் 45,000 ஏக்கர் இருக்கிறது. 2004-இலிருந்து குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. கரை மேல்தான் ரோடு. தெற்கு நோக்கிப் போகும்போது வலது கையில் எதிர்க்கரை தெரியாத தண்ணீர், இடது கையில் கரைக்குக் கீழே பள்ளத்தில் சம்பா வயல். காலை வெயில் இடப்பக்கமிருந்து வந்து தண்ணீரில் விழும். நீர்க்காகங்கள் கட்டைகளில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டிப் போவார்கள். கரை ரோடு குறுகல், வளைவுகளும் உண்டு, எதிரே பஸ் வரும். அங்கே 40-க்கு மேல் போகாதீர்கள்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில், நாலாவது வருஷம் நடந்தது.

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் ஏழு வண்டிகள் காட்டுமன்னார்கோயில் பக்கம் போய்விட்டன. எட்டாவது வண்டி, பள்ளியில் வேலை பார்ப்பதால் நாங்கள் வாத்தியார் என்று கூப்பிடுகிற நண்பனுடையது. ஒரு கரும்பு டிராக்டர் மறித்ததில் பின்தங்கினான். முனைக்கு வந்தபோது எங்களில் ஒருவரையும் காணவில்லை. இடது பக்கம் திரும்பியிருப்போம் என்று நினைத்து புவனகிரி ரோட்டில் எங்களைப் பிடிக்க வேகமாக ஓட்டியிருக்கிறான். சில கிலோமீட்டரில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. அதுவரை முந்திரித் தோப்பை வீடியோ எடுத்ததில் போனில் சார்ஜ் இல்லை.

நாங்கள் லால்பேட்டையில் வறுத்த கெண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இலையை மடிக்கும்போதுதான் ஒருவன், "வாத்தியார் எங்கடா?" என்றான். முன்னால் போனவர்கள் அவன் பின்னால் வருகிறான் என்று நினைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவன் முன்னால் போய்விட்டான் என்று நினைத்திருந்தார்கள். போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வீட்டுக்குப் போன் செய்ய ஒருவருக்கும் கை வரவில்லை.

வந்த வழியே திரும்பினோம். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏரிக்கரைச் சரிவில் எங்காவது டயர் தடம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே 20 வேகத்தில் அந்தக் கரை முழுக்க ஓட்டினோம். காலையில் அவ்வளவு அழகாகத் தெரிந்த தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இரண்டரை மணி நேரம் கழித்து புவனகிரி ரோட்டோரம் ஒரு கூரை வீட்டுத் திண்ணையில் கண்டுபிடித்தோம். அந்த வீட்டு ஆயா அவனுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்திருந்தார். அவன் சிரித்துவிட்டான். ஆயா சிரிக்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கூட வந்த புள்ளய வுட்டுட்டு ஒங்களுக்கு எப்படிப்பா சோறு எறங்குச்சு?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அன்று ராத்திரியே எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசினோம். பேசியதில் முக்கியமானது கண்ணாடி. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற ஒரே ஒரு வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அவன் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இன்னும் தெரியவில்லை என்றால் ஓரம் கட்டி நிற்க வேண்டும். ஏழாவது வண்டி நின்றால் ஆறாவது வண்டியின் கண்ணாடியில் அது மறையும், அவனும் நிற்பான். இப்படியே முன்வண்டி வரைக்கும் செய்தி போய்விடும். போன் வேண்டாம், ஹாரன் வேண்டாம். திருப்பம் வந்தால் முன்னால் போகிறவன் திரும்பி ஓடிவிடக் கூடாது, பின்வண்டி தன்னைப் பார்த்த பிறகே நகர வேண்டும். அன்று சேத்தியாத்தோப்பு முனையில் எங்களில் ஒருவன் அரை நிமிஷம் நின்றிருந்தால் போதும், வாத்தியார் இடது பக்கம் திரும்பியிருக்க மாட்டான்.

யாரை எங்கே விடுவது என்பதையும் அன்றுதான் யோசித்தோம். அதுவரை நல்லா ஓட்டுகிறவன் முன்னால், பயந்து ஓட்டுகிறவன் கடைசியில். எல்லாக் குழுவிலும் இப்படித்தான் தானாக அமையும், அது தப்பு. முன்வண்டி 60-இல் போய் ஒரு லாரியைத் தாண்டிவிடும். அடுத்தவனுக்கு எதிரே பஸ் வரும், அவன் காத்திருப்பான், பிறகு விட்டதைப் பிடிக்க 70 போவான். கடைசியில் இருப்பவனிடம் போய்ச் சேரும்போது அது 80, 90 ஆகிவிடும். ஆக, கூட்டத்திலேயே பயந்த ஓட்டுநர்தான் மிக வேகமாக ஓட்ட வேண்டி வருகிறது. இப்போது எங்களில் மெதுவாக ஓட்டுகிறவன் இரண்டாவது வண்டி. அவனுக்குத் தோதான வேகம்தான் எல்லோருக்கும் வேகம். நன்றாக ஓட்டவும் வண்டியைப் பிரித்துச் சேர்க்கவும் தெரிந்தவன் கடைசியில் வருவான், ஸ்பானரும் கேபிளும் அவனிடம் இருக்கும். கடைசி வண்டி தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று அவன் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொள்வான்.

கிளட்ச் கேபிள் பற்றி ஒரு சொல். பழைய கேபிளோடு சேர்த்துப் புதுசு ஒன்றை டேப் போட்டு ஒட்டியே வைத்துவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் முடிந்தது. டியூப்லெஸ் டயருக்கு பஞ்சர் கிட் கையில் இருந்தால் போதும். கம்பிச் சக்கரமும் டியூபும் உள்ள வண்டி என்றால் கடைதான் கதி, ஞாயிறு மதியம் கிராமத்தில் கடை திறந்திருக்காது. அந்த வண்டிக்கு ஒரு டியூபாவது கூட எடுத்துப் போங்கள்.

நம் பக்கத்து ரோட்டுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. தை, மாசியில் பாதி ரோட்டில் நெல் காயும், சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். வெயிலில் கல் தெரியாது. பங்குனி வாக்கில் போனால் உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் வண்டி ஏறி உதிரட்டும் என்று ரோடு முழுக்கப் பரப்பியிருப்பார்கள். கார் ஏறலாம், பைக்குக்கு அது எண்ணெய் கொட்டிய மாதிரி. அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் பலவற்றில் பின்விளக்கு எரியாது, பாரம் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். இருட்டுக்கு முன் வீடு திரும்புங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். ஏரிக்கரையில் சாயங்காலம் பூச்சி கண்ணில் அடிக்கும், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

காட்டுமன்னார்கோயில் வந்தால் பக்கத்தில் மேலக்கடம்பூருக்கு ஒரு எட்டுப் போய்வாருங்கள். கருவறையே சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் வடிவத்தில் இருக்கும். மதியம் நடை சாத்தியிருக்கும், வெளியே சுற்றிப் பார்ப்பதற்கே அரை மணி ஆகும். சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு சாப்பிடாமல் வராதீர்கள். நேரம் இருந்தால் பு.முட்லூரில் கிழக்கே திரும்பி பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தைப் பார்க்கலாம். எங்களுக்குப் பல வருஷம் அதற்கு நேரம் இருந்ததில்லை, ஏனென்றால் நடுவில் புவனகிரி ரோட்டுக்கு ஒரு நடை போய்வருகிறோம். ஆயாவுக்குக் கொஞ்சம் வெற்றிலை பாக்கும் வடலூரில் வாங்கிய பழமும். அவர் திண்ணையை விட்டு எழுந்து வந்து வண்டிகளை விரலால் எண்ணிவிட்டுத்தான் எங்களை உள்ளே கூப்பிடுவார்.

முதுநகரில் பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போவோம். வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப் குழுவில் ஓர் எண் போட வேண்டும், முதலில் சேர்ந்தவன் ஒன்று, அடுத்தவன் இரண்டு. வாத்தியார் வீடுதான் தூரம். அவன் எட்டு என்று போடும் வரை நான் சட்டையைக்கூட மாற்றுவதில்லை.