ஸ்காட்லாந்துப் பாலங்கள்: வேனை எங்கே நிறுத்துவது?

கேள்வி: ஜூன் மாதம் எடின்பரோவில் கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் ஸ்காட்லாந்து சுற்றப் போகிறோம். நான், மனைவி, 12 வயது மகன், மாமியார் என நான்கு பேர். மகனுக்குப் பாலம் என்றால் பைத்தியம். எந்தெந்தப் பாலங்களைப் பார்க்கலாம்? அங்கே காற்று பலமாக அடிக்கும் என்கிறார்களே, பாலத்தில் வேன் ஓட்டுவது ஆபத்தா? - கோவை வாசகர்

பதில்: பாலத்தின் மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவருக்குப் பாலம் தெரியாது. தார் ரோடும் தடுப்புச் சுவரும்தான் தெரியும். பெரிய பாலங்களில் நிறுத்தவும் விடமாட்டார்கள். அதனால் எந்தப் பாலம் என்பதோடு, எந்தக் கரையில் வேனை நிறுத்திவிட்டு நடப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பத்து நாளுக்கு ஐந்தாறு பாலம் போதும்.

முதல் நாள் முழுவதையும் ஃபோர்த் கழிமுகத்துக்குக் கொடுங்கள். எடின்பரோவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், சவுத் குவீன்ஸ்ஃபெரியில், மூன்று வெவ்வேறு நூற்றாண்டுகளின் பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: 1890-ல் திறந்த ரயில் பாலம், 1964-ன் தொங்கு பாலம், 2017-ன் குவீன்ஸ்ஃபெரி கிராஸிங். இதில் உங்கள் வேன் போகக்கூடியது மூன்றாவதில் மட்டும். அது மோட்டார்வே, நடக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. 1964 பாலம் இப்போது பஸ், டாக்சி, சைக்கிள், நடப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும். பழைய வரைபடத்தை நம்பி வேனை அந்தப் பக்கம் திருப்பிவிடாதீர்கள்.

நான் சொல்லும் வழி இது. வேனைத் தென்கரையிலேயே நிறுத்திவிட்டு டால்மெனி ஸ்டேஷனில் ரயில் ஏறுங்கள். அடுத்த ஸ்டேஷனே வடகரையில் உள்ள நார்த் குவீன்ஸ்ஃபெரி. அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தில் ஃபோர்த் ரயில் பாலத்தின் உள்ளே முழுக்கப் போய்விடுவீர்கள். திரும்பும்போது 1964 பாலத்தின் நடைபாதையில் வாருங்கள். சுமார் இரண்டரை கிலோமீட்டர். ஒரு பக்கம் ரயில் பாலம், மறுபக்கம் புதுப் பாலம். மாமியாருக்கு நடக்க முடியாது என்றால் அவர் அதே ரயிலில் திரும்பி வரட்டும்.

ரயில் பாலத்தின் கீழே ஹாஸ் துறையில் நிற்கும்போது மகனிடம் ஒரு வேலை கொடுங்கள். அந்த இரும்புக் காட்டில் சில உறுப்புகள் உருண்டைக் குழாய்கள், சில வலைப் பின்னலான பட்டைகள். குழாய்கள் அழுத்தத்தைத் தாங்குபவை. அடியில் அவற்றின் விட்டம் சுமார் 3.7 மீட்டர், அதாவது உங்கள் வேனே உள்ளே போகலாம். பின்னல் பட்டைகள் இழுவிசையைத் தாங்குபவை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துவிட்டால், எடை எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்பதைப் பையனே கையால் காட்டிவிடுவான். பாலத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர் இதை விளக்க இரண்டு பேரை நாற்காலியில் கை நீட்டி உட்காரவைத்து, நடுவில் கைச்சி வதனபே என்ற ஜப்பானியப் பொறியாளரைத் தொங்கலாக அமரவைத்து எடுத்த படம் பிரபலம். அதைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதன்மைக் கண்களும் தலா 521 மீட்டர்.

அவ்வளவு இரும்பு எதற்கு என்று கேட்பான். காரணம் பக்கத்து டே கழிமுகத்தில் இருக்கிறது. தாமஸ் பௌச் கட்டிய டே ரயில் பாலம் 1879 டிசம்பர் 28 அன்று புயலில் ரயிலோடு இடிந்து விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஃபோர்த்துக்கும் பௌச்தான் ஒரு தொங்கு பாலம் வரைந்துவைத்திருந்தார். அது கைவிடப்பட்டது. அடுத்து வந்த ஜான் ஃபௌலரும் பேக்கரும் காற்றின் அழுத்தத்தை முதல் கணக்காக எடுத்துக்கொண்டு கட்டினார்கள். பழைய டே பாலத்துத் தூண்களின் அடிக்கட்டைகள் இன்றைய ரயில் பாலத்தை ஒட்டி இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. ஆனால் அதற்காக டண்டீ வரை போய் வர ஒரு நாள் போய்விடும். பத்து நாள் பயணத்தில் நான் விட்டுவிடுவேன்.

புதுப் பாலத்தில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். மூன்று கோபுரங்களில் நடுக்கோபுரத்தைப் பிடித்துக்கட்டக் கரை கிடையாது. அதனால் பக்கத்துக் கோபுரங்களிலிருந்து வரும் கம்பிவடங்களும் இதன் வடங்களும் பாதி வழியில் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே போகின்றன. நடைபாதையிலிருந்து பார்த்தால் அந்தக் குறுக்குப் பின்னல் அழகாகத் தெரியும்.

அடுத்து ஸ்டர்லிங் வழியாக மேற்கே ஓபன் ஊருக்குப் போங்கள். அதற்குச் சற்று வடக்கே கானல் பாலம், 1903-ல் ரயிலுக்காகக் கட்டியது. 1966-ல் அந்த ரயில் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது சிக்னல் போட்டு ஒருவழியாக வண்டிகளை விடுகிறார்கள். ஃபோர்த்தின் தம்பி மாதிரியான இந்த இரும்புக் கூட்டுக்குள் உங்கள் வேனையே ஓட்டிப் போகலாம். அப்புறம் கீழே இறங்கித் தண்ணீரைப் பாருங்கள். கடல் இறங்கும் வேகத்துக்கு கடலோடு இணைந்த எடிவ் ஏரியின் தண்ணீர் வெளியேற முடியாமல், பாலத்துக்கு அடியில் பாறைகள் மேல் கொந்தளித்து ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், கடல் வற்றும் நேரத்தில் போனால்தான் இதன் முழு ஆட்டம் தெரியும். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துப் போங்கள்.

ஓபனுக்குத் தெற்கே கிளாக்கன் பாலம் 1790-களில் கட்டிய ஒற்றை வளைவுக் கல் பாலம். 'அட்லாண்டிக்கின் மேல் பாலம்' என்று விளம்பரம், கீழே இருப்பது ஒரு குறுகிய கடல் கால்வாய். வளைவு கழுதை முதுகு போலக் கூர்மையானது. பின்பக்கம் நீண்டிருக்கும் வேன் என்றால் அடி தட்டும். இந்தப் பக்கமே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

கிளென்ஃபினன் ரயில் பாலம் உங்கள் பட்டியலில் ஏற்கனவே இருக்கும். ஹாரி பாட்டர் சினிமாவில் வந்ததிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. 21 வளைவு, 380 மீட்டர் நீளம், கம்பி கட்டாத வெறும் கான்கிரீட். கட்டிய ராபர்ட் மெக்ஆல்பைனுக்கு 'கான்கிரீட் பாப்' என்றே பட்டப்பெயர். ஜூனில் நீராவி ரயில் வரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் வந்தாலும் பார்க்கிங் நிரம்பியிருக்கலாம். இடமில்லை என்பதற்காக ஏ830 ரோட்டின் புல்வெளி ஓரத்தில் ஏற்றி நிறுத்தாதீர்கள். நான் என்றால் நீராவி ரயிலை விட்டுவிட்டு மாலையில், சாதாரண ரயில் ஒன்று கடக்கும் நேரம் பார்த்துப் போவேன். பாலம் அதே பாலம்தான், ஆள் மட்டும் இருக்கமாட்டார்கள்.

அங்கிருந்து ஸ்கை தீவு. 1995-ல் திறந்த ஸ்கை பாலத்தைப் பார்க்க நல்ல இடம், கடப்பதற்கு முன்னால், கைல் ஆஃப் லோகால்ஷ் ஊரின் பிளாக் குன்று. சுங்கக் கட்டணத்தை எதிர்த்து ஊர்மக்கள் பல வருடம் போராடி, 2004 டிசம்பரில் அதை ரத்து செய்யவைத்தார்கள். இன்று ஸ்காட்லாந்தில் எந்தப் பாலத்திலும் சுங்கம் இல்லை.

நாள் மிச்சம் இருந்தால் வடக்கே கைல்ஸ்கூ வரை போங்கள். 1984-ல் கட்டிய பாலம். ரோட்டின் திருப்பத்தோடு சேர்ந்து பாலமே வளைந்து போகிறது. வேனை நிறுத்தப் பக்கத்திலேயே இடம் உண்டு. போகும் வழியில் ஆப்பில்கிராஸ் கணவாய் ரோட்டை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். பெரிய வண்டிகளுக்கு உகந்ததல்ல என்று தொடக்கத்திலேயே போர்டு இருக்கும்.

சரி, காற்று. ஜூனில் புயல் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பாம்பனில் காற்று மீறினால் ரயிலை நிறுத்துவது போல, இங்கே முதலில் உயரமான வண்டிகளை நிறுத்துவார்கள். மூன்று மீட்டர் உயர வேன் என்றால் அந்த 'உயரமான வண்டி' நீங்கள்தான். டிராஃபிக் ஸ்காட்லாந்து இணையதளத்தைக் காலையில் ஒருமுறை பாருங்கள். பாலத்தில் லாரியின் மறைவிலிருந்தோ கோபுரத்தின் மறைவிலிருந்தோ வெளியே வரும் நொடியில்தான் வேன் பக்கவாட்டில் தள்ளப்படும். வேகத்தைக் குறைத்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் பயமில்லை. உண்மையில் நிறைய சேதம் நிறுத்திய வண்டியில்தான் நடக்கிறது: காட்சி முனையில் கதவைத் திறந்தவுடன் காற்று அதைப் பிடுங்கிக் கீலை வளைத்துவிடும். மூக்கு காற்றைப் பார்க்க நிறுத்தி, ஒருவர் ஒருவராகக் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

காற்றைவிட உயரம்தான் எனக்குக் கவலை. வேனின் உயரத்தை அடி-அங்குலத்திலும் மீட்டரிலும் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். பிரிட்டனில் போர்டு இல்லாத பாலத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் இடைவெளி இருக்கும். அதற்குக் குறைந்தால் போர்டு வைத்திருப்பார்கள். ஆனால் கார் பார்க்கிங்குகளின் வாசலில் இரண்டு மீட்டர் சொச்சத்தில் குறுக்குக் கம்பி இருக்கும். பார்க்கிங் தேடும் அவசரத்தில் உள்ளே திருப்பிக் கூரையை இடித்துக்கொள்பவர்கள் உண்டு. பல வாடகை இன்சூரன்ஸ்களில் கூரைச் சேதம் சேராது.

இரவு தங்குவதற்குக் கேம்ப்சைட்டை முன்பதிவு செய்யுங்கள். ஸ்காட்லாந்தில் எங்கும் கூடாரம் போடலாம் என்று படித்திருப்பீர்கள். 2003 நிலச் சட்டம் தரும் அந்த உரிமை மோட்டார் வண்டிகளுக்குக் கிடையாது. ஒற்றை வழி ரோடுகளில் ஒதுங்கி வழிவிடும் இடங்களிலும் நிறுத்தக்கூடாது.

முன்பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள். 'நான்கு பேர் படுக்கலாம்' என்ற வேன்களில் சிலவற்றில் பெல்ட் போட்ட இருக்கை இரண்டுதான் இருக்கும். உங்களுக்கு நான்கு பெல்ட் வேண்டும். இந்திய லைசென்ஸோடு ஒரு வருடம் வரை அங்கே ஓட்டலாம், வண்டியின் மொத்த எடை வரம்பு 3.5 டன்னுக்குள் இருக்கவேண்டும். லைசென்ஸ் எடுத்து எத்தனை வருடம் ஆகியிருக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வைத்திருக்கும், அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.